பன்னிரண்டு அடி என்று சொன்னேன்

மார்ச் 3, ஞாயிறு

டிவி நேற்றே போய்விட்டது. திரையில் பாதி பச்சைக் கோடு, மீதி ஒன்றுமில்லை. ரிப்பேர்காரர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். 'பேனல் போயிடுச்சு சார். இதைப் போட்டுக் குடையாதீங்க, புதுசா வாங்கிடுங்க' என்று சொல்லி மறுபடி மூடினார்.

மத்தியானம் சகலை வீட்டில் சாப்பாடு. அறுபத்தைந்து இன்ச் வாங்கி மாட்டியிருக்கிறான். என் மனைவி தன் தங்கையிடம் 'தியேட்டர் மாதிரி இருக்குடி' என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது போலத்தான் இருந்தது.

சகலை சொன்னான்: 'உங்க ஹாலுக்கு இவ்ளோ பெருசு வேணாம்ணா. நாப்பத்திமூணே தாராளம்.'

அக்கறையாகத்தான் சொன்னான். ஆனால் அந்த 'உங்க ஹாலுக்கு' இருக்கிறதே, பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை அதையே மென்றுகொண்டிருந்தேன்.

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். பேனர் அடிக்கிற கடையில் டிசைன் போடுகிறவன் நான். மேம்பாலத்தில் தொங்குகிற பேனரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் மூக்கும் இருக்காது முழியும் இருக்காது, வெறும் புள்ளிகள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால்தான் முகம் சிரிக்கும். யார் ஆர்டர் கொண்டுவந்தாலும் 'எவ்ளோ தூரத்துலேர்ந்து பாப்பாங்க?' என்பதுதான் என் முதல் கேள்வி.

மார்ச் 6, புதன்

டேப் எடுத்து அளந்தேன். சுவரிலிருந்து சோபா வரை ஆறடி. ஆறடிக்கு நாற்பத்திமூன்று. ரொம்ப ஆசைப்பட்டால் ஐம்பது. அதற்கு மேல் போனால் முட்டாள்தனம்.

சோபாவுக்குப் பின்னால் ஜன்னல் ஓரமாக, எங்களோடு இருக்கிற என் அக்காவின் தையல் மெஷினும் வெட்டுகிற மேஜையும். அதற்கு நாலடி போகிறது.

அந்த நாலடியை எதற்கு அளந்தேன்?

மார்ச் 9, சனி

கடைக்கு அக்காவையும் கூட்டிப்போனேன். மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் டியூட்டி. மகளுக்கு டியூஷன்.

விற்கிற பெண் நல்ல விவரமான பெண். எந்த மாடலையும் என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. 'கேபிள் அதிகமா பாப்பீங்களா, இல்ல நெட்ல படமா சார்?' என்று கேட்டாள். கேபிள்தான் என்றேன். 'அப்படின்னா பெரிய ஸ்கிரீன்ல கொஞ்சம் கலங்கலாத்தான் தெரியும். தள்ளி உக்காந்தா தெரியாது. உங்க ஹால்ல எத்தனை அடி தள்ளி உக்காருவீங்க?'

நான் வருகிறவர்களிடம் கேட்கிற அதே கேள்வி. பதில் சட்டைப்பையில் எழுதியே இருந்தது.

'பன்னெண்டு அடி' என்றேன்.

'அப்போ எழுபத்தஞ்சே போடலாம் சார்' என்றாள்.

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். முப்பது வருடமாக மனிதர்களை ஒரு பார்வையில் அளக்கிறவள். அவளுக்கா தெரியாது? திரையில் ஓடிக்கொண்டிருந்த மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டோவில்தான் கேட்டாள். 'பன்னெண்டு அடி எங்கடா இருக்கு நம்ம வீட்டுல?'

'சோபாவைப் பின்னால தள்ளிட்டா வந்துடும்க்கா.'

'ஓ' என்றாள். அப்புறம் புதிதாகத் திறந்திருக்கும் மருந்துக்கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

மார்ச் 12, செவ்வாய்

டிவி வந்துவிட்டது. மாட்ட வந்தவர் சுவரையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தார். 'சார், இவ்ளோ கிட்டக்கவா?' 'நீங்க மாட்டுங்க' என்றேன்.

மின்விசிறி சுவிட்சு டிவிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இனி ஃபேன் போட வேண்டுமென்றால் பாம்புப் புற்றில் கைவிடுவது போல விட வேண்டும். மகள் விட்டுப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரித்தது அதோடு சரி. செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் என் வீட்டு அலமாரி அளவுக்கு இருக்கிறது. ஓரமெல்லாம் பிசிறு. கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கத் தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. எட்டு மணிக்கெல்லாம் மகள் 'தலை சுத்துதுப்பா' என்று எழுந்து போனாள்.

மனைவி கேட்டாள்: 'என்னங்க, பேனர் மாதிரியே இருக்கு?'

கேபிள்காரன் சரியில்லை என்றேன்.

மார்ச் 16, சனி

செய்துவிட்டேன்.

அக்கா காய் வாங்கிக்கொண்டு வந்த நேரம் நான் வெட்டுகிற மேஜையின் ஒரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேனே, அப்படியென்றால் எனக்கே தெரிந்திருக்கிறது.

'கொஞ்ச நாளைக்குத்தான்க்கா' என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு மேஜையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். 'தனியா இழுத்தா முதுகு புடிச்சுக்கும். தூக்குடா' என்றாள்.

இரண்டு பேருமாகத் தூக்கிப் பின்பக்கம் வைத்தோம். பின்பக்கம் என்றால் துணி துவைக்கிற இடம். மேலே ஷீட். ஒரு பக்கம் வாஷிங் மெஷின், ஒரு பக்கம் பக்கெட்டுகள். தையல் மெஷின் உள்ளே போக வேண்டி வாஷிங் மெஷினைக் கொஞ்சம் சுவரோடு நெட்டித் தள்ளினேன்.

'வெளிச்சம் பத்துமாக்கா?'

'பகல்ல பத்தும்.'

சோபாவை ஜன்னலோடு ஒட்டிவிட்டோம். இப்போது பத்தடி. படம் பரவாயில்லை. நன்றாகவே இருக்கிறது.

அக்கா எங்களிடம் வந்தது அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு. அப்போது மகள் கைக்குழந்தை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 'அக்காவை நாங்கதான் வெச்சுப் பாத்துக்கிறோம்' என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். யார் யாரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்?

மார்ச் 20, புதன்

தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் வாசலைத் தாண்டினால் ஜன்னலுக்குப் போய்விடுவார்கள். இப்போது ஹாலைக் குறுக்கே கடந்து, சமையலறை வழியாகப் பின்பக்கம் போக வேண்டும். இன்று மேட்ச். கடைசி ஓவரில் இரண்டு பெண்கள் திரைக்கு முன்னால் போனார்கள். 'இது வீடா, பஸ் ஸ்டாண்டா?' என்று கத்திவிட்டேன்.

அவர்கள் திரும்பிப் போகும்போது குனிந்துகொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, சுவரோரமாக நடந்து போனார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

சகலை குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். உள்ளே நுழைந்ததும், 'அடேயப்பா, எங்களதுக்கு அண்ணன் மாதிரி இருக்கேண்ணா!' என்று மனதாரச் சொன்னான். அந்த ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த நிமிடம் சுற்றிலும் பார்த்தான். 'அக்கா எங்கண்ணா? மெஷினைக் காணோம்?'

'பின்னாடி' என்றேன். அவன் எழுந்து போனான். பேச்சுச் சத்தம் கேட்டது. அக்கா எதற்கோ சிரித்தாள். திரும்பி வந்தவன் சோபாவில் உட்காரவில்லை. கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு டிவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் பின்பக்கம் பளீரென்று இருக்கிறது. சகலை வந்து, மேஜைக்கு நேர் மேலே ஒரு எல்இடி பட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். வயரைக்கூடச் சுவரோடு அழகாக க்ளிப் அடித்திருக்கிறான்.

'நீ சொல்லி அனுப்பினேன்னு நெனச்சேன்டா' என்றாள் அக்கா.

ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டினேன்! அவளுக்குப் பொய் என்று தெரியும், அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 4, வியாழன்

மகள் இப்போது பாடப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறாள். கவிழ்த்துப் போட்ட பக்கெட்தான் நாற்காலி. 'இங்க வந்து படியேன்மா' என்றேன். 'அங்க அத்தை இருக்காங்கப்பா' என்றாள். குத்திக்காட்டவெல்லாம் தெரியாது அவளுக்கு. அவளைப் பொறுத்தவரை அது ஒரு விவரம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, சனி

இதை எப்படி எழுதுவது.

காலையில் என் புது ஜீன்ஸையும் இன்னும் நாலு துணியையும் வாஷிங் மெஷினில் போட்டேன். அக்கா நூல் வாங்கப் போயிருந்தாள். மெஷினைப் போட்டுவிட்டு வந்து படம் பார்க்க உட்கார்ந்தேன். அன்று சுவரோடு நெட்டித் தள்ளினேனே, அதில் தண்ணீர் போகிற குழாய் மடங்கியிருக்கிறது. அது பிடுங்கிக்கொண்டு, நீலத் தண்ணீர் முழுக்கப் பின்பக்கம் பாய்ந்திருக்கிறது. டிவி சத்தத்தில் எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

மேஜையிலிருந்து தரையைத் தொடுகிறாற்போலத் தொங்கிக்கொண்டிருந்தது பேங்க் மேனேஜரம்மாவின் மகளுக்குக் கல்யாண வரவேற்புக்குத் தைத்த கவுன். சந்தன நிறம். முழங்கால் உயரத்துக்கு நீலம் ஏறிவிட்டது.

அக்கா வந்து பார்த்தாள். கவுனை இரண்டு கையாலும் தூக்கி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நின்றாள். 'இன்னிக்கு மூணு மணிக்கு வருவாங்களேடா' என்றாள்.

மூன்று மணிக்கு அந்த அம்மா வந்தார். ஹாலில் நின்றுதான் பேசினார். நான் சோபாவில்.

'கல்யாணத் துணியை வாஷிங் மெஷின் பக்கத்துல வெச்சுத் தைப்பாங்களா யாராவது? கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா உங்களுக்கு? முடியலைன்னா வயசாயிடுச்சு, முடியலைன்னு சொல்லிட வேண்டியதுதானே!'

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். 'என் கவனக்குறைவுதான்மா. செவ்வாய்க்கிழமைக்குள்ள கீழ்ப்பாகம் முழுசா பிரிச்சு, வேற துணி வெச்சுத் தெச்சுத் தரேன். பழைய மாதிரியே இருக்கும்.'

'பழைய மாதிரி எப்படி இருக்கும்?'

ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. நான் எழுந்திருக்கவில்லை. 'தப்பு என்னுதுங்க' என்று இரண்டு வார்த்தை. வாயில்தான் இருந்தது. அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தபோது நான் திரையைப் பார்த்தேன். ரிமோட் கையில் இருந்தது, சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. குறைத்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஆகிவிடுமே.

அவ்வளவு பெரிய திரையில் என்ன ஓடியது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

அக்கா காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கவுனைக் கொடுத்தாகிவிட்டது. மூன்று நாளாக அதன் மேலேயே குனிந்து கிடந்தாள். கீழ்ப்பாகத்தில் மடிப்பு வைத்து, முன்னைவிட அழகாக இருந்தது என்று மனைவி சொன்னாள். பிறகு என்னிடம், 'அன்னிக்கு நீங்க வீட்டுலதானே இருந்தீங்க?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஏப்ரல் 19, வெள்ளி

மதிய இடைவேளையில் அந்த அம்மாவின் பேங்க்குக்குப் போனேன். டோக்கன் எடுத்தேன். உட்கார்ந்தேன். என் எண் வந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, திங்கள்

மறுபடி போனேன். இந்தத் தடவை டோக்கன் எடுக்காமல் நேராக அந்த அம்மாவின் அறைக்கே போய்விட்டேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். தைக்கிறவங்க என் அக்கா, வாஷிங் மெஷினைப் போட்டது நான், தையல் மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்ததும் நான், அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

'ஓ… அன்னிக்கு டிவி பாத்துட்டிருந்தது நீங்கதானா?'

ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. 'அந்தம்மாகிட்ட நானே பேசுறேன்' என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து, வண்டி சாவி கையில் இருக்க, சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு அக்கா சாதாரணமாகச் சொன்னாள். பெரிய ரோட்டில் பட்டன், லைனிங் விற்கிற அம்மா இருக்கிறாரே, அவர் கடையில் பாதியைத் தடுத்துக் கொடுக்கிறாராம். மாடியில் ஒரு அறையும் காலியாக இருக்கிறதாம். ஒன்றாம் தேதி போகிறாளாம்.

மனைவி அழுதுவிட்டாள். 'அண்ணி, எங்க மேல கோவமா?' அக்கா அவள் முதுகைத் தடவினாள். 'உன் மேல என்னம்மா கோவம். டியூட்டி முடிஞ்சு வந்து என் டீயை நீதானே போட்டுக் குடுப்பே.'

உன் மேல. 'உங்க மேல' என்று சொல்லவில்லை.

நான் பின்பக்கம் போனேன். அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

'அக்கா, மெஷினை ஜன்னலுக்கே கொண்டுபோயிடலாம். டிவியை வித்துடறேன். நாளைக்கே வித்துடறேன்க்கா.'

'எதுக்குடா? ஆசையா வாங்கினே.'

'அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டேன், என் தப்புதான்னு.'

'சொன்னாங்க. போன் பண்ணியிருந்தாங்க.' எண்ணெய்க் குப்பியை மூடினாள். 'அவங்ககிட்ட சொன்னே, சரி. என்கிட்ட எப்போடா சொல்லுவே?'

அக்கா என்றேன். என்னென்னமோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: 'அன்னிக்கு அவங்க பேசினது எனக்கு வலிக்கல. துணி அவங்களுது, பேசத்தான் செய்வாங்க. நீ சத்தத்தைக் குறைப்பேன்னு பாத்தேன். அதுதான்.'

அவளும் அதையேதான் பார்த்திருக்கிறாள்.

'மன்னிச்சிடுக்கா' என்றேன். 'ம்' என்றாள்.

மே 1, புதன்

லீவு நாள். சகலை தெரிந்தவரின் குட்டி யானை வண்டியோடு வந்தான். மேஜையை நானும் அவனும் தூக்கினோம். மெஷினை வேறு யாரையும் தூக்க அக்கா விடவில்லை. அவளும் மகளுமாகப் பிடித்து ஏற்றினார்கள்.

சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் இப்போது கூட்டிப் பெருக்கி விட்ட வெற்றுத் தரை. யாருமே டிவி போடவில்லை.

மே 12, ஞாயிறு

டிவியை விற்றுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். 'வித்துட்டா அண்ணி வந்துடுவாங்களா?' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

மே 25, சனி

விற்றுவிட்டேன். உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவருடைய கூடம் நீளமானது, ஆட்கள் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். அங்கே அது சரியான அளவு. அதைச் சுவரிலிருந்து இறக்கியபோது சகலை மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். 'படி இருக்குண்ணா, பாத்து' என்றான். அவ்வளவுதான்.

நாற்பத்திமூன்று இன்ச் வாங்கினோம். சோபாவைப் பழையபடி முன்னால் இழுத்துவிட்டேன். எழுத்து தெளிவாகத் தெரிகிறது. யாருக்கும் தலை சுற்றவில்லை. பள்ளிக்கு லீவு என்பதால் மகள் காலையிலேயே அத்தை கடைக்குப் போய்விடுகிறாள், இருட்டியதும் வருகிறாள்.

ஜூன் 16, ஞாயிறு

அக்கா கடை வழியாக வண்டியில் போனேன். நிறுத்தவில்லை. கூட்டம் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று நிறுத்தினேன்.

என் சட்டை ஒன்றுக்குக் காலர் நைந்துபோயிருந்தது. அதைச் சாக்காக எடுத்துப் போனேன். கடை என்றால் ஆறு பேர் நின்றால் நிரம்பிவிடுகிற இடம். இன்று ஒன்பது பேர் இருந்தார்கள். அக்கா ஒரு பெண்ணின் தோளில் டேப்பை வைத்து அளந்துகொண்டே, இன்னொருத்தியிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்னவோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருக்கலாம். நான் எப்போது கேட்டேன்?

என்னைப் பார்த்துவிட்டாள். 'வாடா. கொஞ்சம் நில்லு, இவங்க முன்னாடி வந்தவங்க.'

வெளியே படியில் நின்றேன். எனக்குப் பின்னாலும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே அளவு கொடுத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: 'யாருக்கா அது, சொந்தமா?'

'தம்பி' என்றாள் அக்கா, டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். 'அப்பப்போ வந்துட்டுப் போவான்.'

என் முறை வந்தபோது சட்டையை வாங்கி, காலரைத் திருப்பிப் பார்த்து, ஒரு சாக்பீஸ் கோடு போட்டாள். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, மனைவிக்கு ராத்திரி டியூட்டி முடிந்ததா என்று கேட்டாள். பின்னால் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே சுருக்கமாகப் பதில் சொன்னேன்.

'எப்போக்கா வரட்டும்?'

'வியாழக்கிழமை வா. சாயங்காலம் வேணாம், கூட்டமா இருக்கும். மத்தியானமா வந்தேன்னா உக்காந்து பேசலாம்.'

வியாழக்கிழமை அரை நாள் லீவு கேட்க வேண்டும்.